புது வண்டியின் பெயிண்ட்டும் சாலைக் கல்லும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் இன்று கணிசமாக இருக்கிறார்கள். வாஷி மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றுபவர், தாராவியிலிருந்து தோல் சாமான் கொண்டு செல்பவர், பிவண்டி கிடங்குகளுக்கு மூட்டை அடிப்பவர் என்று பல தரப்பினர். பெரும்பாலோர் ஒற்றை வண்டிக்காரர்கள். மனைவியின் நகை, ஊரில் விற்ற நிலம், வங்கிக் கடன் எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு வண்டியாக வாசலில் நிற்கிறது. தவணை முடிய நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அன்றைக்கு வண்டி திடமாக இருந்தால் அதன் பிறகு ஓடுவதெல்லாம் குடும்பத்துக்கு லாபம். தகரம் அரித்துப் போயிருந்தால் கடன் முடிந்த கையோடு அடுத்த செலவு ஆரம்பமாகும்.

சென்ற பொங்கல் விழாவின்போது ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, புது வண்டி எடுத்து மூணு வாரம்தான் ஆச்சு. அதுக்குள்ள முகப்புல ஏழெட்டு இடத்துல பெயிண்ட் தெறிச்சுப் போச்சு. பெயிண்ட்டே சரியில்லையா? ஏதோ செராமிக் கோட்டிங்னு சொல்றாங்களே, அதை அடிச்சா நிக்குமா?" ரயில் பெட்டிப் பணிமனையில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பெயிண்ட்டோடும் துருவோடும் மல்லுக்கட்டியவன் என்பதால் இத்தகைய கேள்விகள் என்னிடம் வருவது வழக்கம். இதே கேள்வி வேறு பலருக்கும் இருக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெயிண்ட் எவ்வளவு தடிமன்?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். வண்டியில் கதை தலைகீழ். இங்கே சித்திரம்தான் சுவரைக் காப்பாற்றுகிறது. பெயிண்ட் போனால் தகரம் போகும்.

தொழிற்சாலையில் வண்டியின் முன்கூண்டை, அதாவது டிரைவர் உட்காரும் கேபினை, முதலில் எண்ணெய்ப் பசை போகக் கழுவுவார்கள். பிறகு பாஸ்பேட் கரைசலில் முக்குவார்கள். இது பெயிண்ட் தகரத்தைக் கவ்விப் பிடிக்க உதவும் அடித்தளம். அடுத்து, பிரைமர் நிறைந்த தொட்டியில் முழுக் கூண்டையும் இறக்கி மின்சாரம் செலுத்துவார்கள். தூரிகையோ ஸ்பிரேயோ எட்டாத இடுக்குகளுக்குள்ளும் அந்தப் பிரைமர் போய் ஒட்டும். அதைச் சூட்டறையில் வேகவைத்து இறுக்கிய பிறகு மேலே நடுப்பூச்சு, நிறப்பூச்சு ஆகியவை வரும். மினுமினுக்கும் மெட்டாலிக் நிறமானால் கடைசியாக ஒரு தெளிபூச்சும் உண்டு. சாதாரண வெள்ளை வண்டிகள் பலவற்றில் நிறப்பூச்சோடு வேலை முடிந்துவிடும்.

இத்தனை அடுக்கும் சேர்ந்து எவ்வளவு தடிமன் தெரியுமா? ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனைவிடச் சற்றே அதிகம். அதற்குக் கீழே உள்ள தகரமும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. நாம் சவாரி செய்வது இந்தக் கனத்தை நம்பித்தான்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பெரிய லாரிகளில் கேபின் ஒரு இடத்திலும் பின்னால் உள்ள லோடு பாடி வேறு இடத்திலும் செய்யப்படுவது சகஜம். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பட்டறையில் அடிக்கும் எனாமல் பெயிண்ட்டுக்கு, மேலே சொன்ன தொட்டிக் குளியலும் சூட்டறையும் கிடையாது. ஆகவே ஒரே வண்டியில் இரண்டு தரத்துப் பெயிண்ட் இருக்கலாம். கேபினை மட்டும் துடைத்துப் பளபளப்பாக வைத்துவிட்டுப் பின்பக்கத்தை மறந்துவிடக் கூடாது.

கல் எப்படி அடிக்கிறது?

முன்னால் போகும் வண்டியின் டயர் கல்லைக் கிளப்புகிறது. அந்தக் கல் நம்மை நோக்கிப் பறந்து வருவதாக நாம் நினைக்கிறோம். பல வேளைகளில் கல் காற்றில் எழும்பி நிற்கிறது, நாம்தான் வேகமாகப் போய் அதில் மோதுகிறோம். இரண்டு கிராம் எடையுள்ள சிறு ஜல்லியில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், 50 கிராம் கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பெயிண்ட்டின் மேல் போட்டதற்குச் சமம். அதுவும் கல்லின் கூர்முனை ஒன்றே முழு அடியையும் இறக்கும். வேகத்தை 40 கிலோமீட்டராகக் குறைத்தால் அடியின் வலு பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு என்பது பள்ளியில் படித்த கணக்குதான்.

மூக்கு நீண்ட பிக்கப் வண்டியில் பானெட் சரிவாக இருப்பதால் சில கற்கள் வழுக்கிப் போய்விடும். முகம் தட்டையான லாரியிலும் சிறு டெம்போவிலும் கல் நேருக்கு நேர் வந்து அடிக்கும். ஆகவே மூன்று வாரத்தில் ஏழெட்டுப் புள்ளி விழுந்ததற்குப் பெயிண்ட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தொழிற்சாலைப் பெயிண்ட்டும் கூரான ஜல்லிக்கு முன் முழுவதும் தாக்குப்பிடிக்காது. மும்பை-கோவா நெடுஞ்சாலையில் 2011-இல் தொடங்கிய விரிவாக்கப் பணி பத்தாண்டுகளுக்கு மேல் இழுத்துக்கொண்டே போனது. அந்த ஆண்டுகளில் அவ்வழியே ஓடிய வண்டிகளின் முகப்பைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

முகப்பு தவிர அடி வாங்கும் இடங்கள்: கண்ணாடியின் இரு பக்கத் தூண்கள், முன்சக்கரத்துக்குப் பின்னால் வரும் கதவின் அடிவிளிம்பு, ஏறும் படி, சக்கர வளைவின் உட்புறம், டீசல் டாங்க். இவற்றில் முகப்பையும் தூண்களையும் தவிர மற்றவற்றை அடிப்பது பெரும்பாலும் நம் சொந்தச் சக்கரம்தான். அடுத்தவரைத் திட்டிப் பயனில்லை.

துரு எப்படிப் புகுகிறது?

இரும்புக்குத் தண்ணீரும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் துரு. உப்பும் சேர்ந்தால் அது வேகமாக நடக்கும். மும்பையில் இந்த மூன்றுக்கும் பஞ்சமில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தானே கழிமுகம், இடையில் பழைய உப்பளங்கள். ஜூன் மாதம் தொடங்கினால் நான்கு மாதம் மழை.

தகரம் துருவாகும்போது பல மடங்கு பருக்கிறது. கடுகளவு புள்ளியில் தொடங்கும் துரு, பருத்துப் பருத்துச் சுற்றியுள்ள நல்ல பெயிண்ட்டையும் நெம்பித் தூக்கும். தூக்கிய இடத்துக்குள் மறுபடி தண்ணீர் போகும். வெளியே சிறு கொப்புளம்தான் தெரியும். உள்ளே அது நாலு விரல் அகலத்துக்குப் பரவியிருக்கும்.

பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய மாதிரிப் பெட்டிகள் பணிமனைக்கு வரும்போது நாங்கள் முதலில் தேடுவது கழிப்பறைக்குக் கீழேயும் வாசற்படிக்குக் கீழேயும்தான். வெளியே பெயிண்ட் அழகாக இருக்கும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். கணீரென்று சத்தம் வந்தால் தகரம் உயிரோடு இருக்கிறது. மந்தமாகக் கேட்டால் உள்ளே அரித்துவிட்டது. தண்ணீர் தேங்கும் இடமே முதலில் சாகும் என்பது அங்கே கற்ற பாடம். அந்த மாதிரிப் பெட்டிகளை ஐ.சி.எஃப். 2018-இல் நிறுத்திவிட்டு, துருப்பிடிக்காத எஃகில் செய்யும் எல்.எச்.பி. பெட்டிகளுக்கு முழுவதுமாக மாறியது. நம் வண்டிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவை சாதாரண எஃகுதான். பெயிண்ட் ஒன்றே துணை.

கடையில் விற்கும் கவசங்கள்

இப்போது தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

வேக்ஸ், டெப்லான், செராமிக் ஆகிய பூச்சுகள் எல்லாம் மிக மெல்லியவை. செராமிக் என்ற பெயரைக் கேட்டுப் பீங்கான் தட்டு போலக் கற்பனை செய்ய வேண்டாம். அதன் தடிமன் பெயிண்ட்டின் தடிமனில் ஒரு சிறு பங்குதான். தண்ணீர் ஒட்டாமல் ஓடும், தூசி எளிதில் கழுவும், வெயிலில் நிறம் மங்குவது குறையும். இவை உண்மையான பயன்கள். கல்லடியை அது தடுக்காது. கல்லுக்குப் பயந்து அதற்குப் பணம் கொடுப்பவர் வெயிலுக்குக் குடை வாங்கிக்கொண்டு போய்ச் சண்டைக்கு நிற்பவரைப் போன்றவர்.

கல்லை உண்மையாகத் தாங்குவது பி.பி.எஃப். எனப்படும் ஒட்டும் படலம். பாலியூரித்தேன் என்ற, ரப்பர் போல வளைந்து கொடுக்கும் பொருளால் ஆனது. பெயிண்ட் முழுவதையும்விடத் தடிமனானது. ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலிலிருந்து காக்கப் பயன்பட்ட படலத்தின் வழிவந்தது. கல் பட்டால் குழிந்து அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் முழு வண்டிக்கும் ஒட்டினால் பல்லாயிரம் ரூபாய் ஆகும். பிழைப்புக்கு ஓடும் வண்டிக்கு அது தேவையில்லை. முகப்புத் தகரம், இரு தூண்கள், சக்கரத்துக்குப் பின்னால் கதவின் அடிப்பகுதி, இந்த மூன்று இடங்களுக்கு மட்டும் ஒட்டினால் போதும். வாங்கும்போது பாலியூரித்தேனா, வெறும் பி.வி.சி.யா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பி.வி.சி. விலை குறைவு. வெயிலில் மஞ்சளாகி விறைத்து, உரிக்கும்போது பசையை விட்டுச் செல்லும். புது வண்டிக்குத் தொழிற்சாலைப் பெயிண்ட்டின் மேல் உடனே ஒட்டலாம். பட்டறையில் மறுபெயிண்ட் அடித்த பகுதியானால் அது நன்றாக இறுகச் சில வாரங்கள் விட வேண்டும்.

வண்டியின் அடியில் அடிக்கும் கறுப்பு ரப்பர்ப் பூச்சு நல்லது. ஆனால் சேற்றின் மேலும் ஈரத்தின் மேலும் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். நன்றாகக் கழுவி, காயவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். கதவுகளின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவற்றை அடைத்துவிடக் கூடாது. பிரேக், புகைக்குழாய், சுழலும் தண்டு ஆகியவற்றின் மேல் படக் கூடாது. சேஸிஸ் எண் பொறித்த இடத்தையும் மூடிவிடாதீர்கள். தகுதிச் சான்றுக்குப் போகும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த எண்ணைத்தான் முதலில் தேடுவார்கள்.

முகப்பைக் காக்க இரும்புக் கம்பித் தடுப்பு மாட்டுவதும் சிலருக்கு ஆசை. அதைச் சட்டவிரோதம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017-இல் மாநிலங்களுக்குத் தெளிவாக எழுதிவிட்டது. குறுக்கே வரும் பாதசாரிக்கு அது எமன். போதாக்குறைக்கு அதன் கம்பிகளுக்கிடையே கல் தாராளமாக நுழையும்.

செலவில்லாத காவல்

முதலாவது இடைவெளி. ஜல்லி, மணல் ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். முந்த முடியாவிட்டால் பின்தங்குங்கள். ஐந்து நிமிடத் தாமதத்தில் வியாபாரம் கெடாது. புதிதாக ஜல்லி போட்டுத் தார் தெளித்த சாலையில் வேகத்தைக் குறையுங்கள்.

இரண்டாவது மட்பிளாப். சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் இந்த ரப்பர்த் துண்டு கிழிந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. நம் கதவையும் படியையும் டாங்க்கையும் காப்பது அதுதான்.

மூன்றாவது, பின்னால் இரட்டை டயர் உள்ள லாரிகளுக்கு. இரண்டு டயருக்கும் நடுவே கல் சிக்கிக்கொள்வது உண்டு. டயரையும் அது கெடுக்கும். ஓட்டத்தில் விடுபட்டால் துப்பாக்கிக் குண்டு போலப் பின்னோக்கிப் பாயும். பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு தகப்பன், நடுவில் குழந்தை, பின்னே தாய் என்று வருபவர்களை மும்பைச் சாலையில் தினமும் பார்க்கிறோம். புறப்படுமுன் ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்துக் கல்லை எடுத்துவிடுவது டிரைவரின் கடமை. மணலோ ஜல்லியோ ஏற்றினால் தார்ப்பாய் போட்டுக் கட்டுவதும் அப்படியே. நம் பெயிண்ட்டுக்கு நாம் படும் கவலையில் ஒரு பங்காவது அடுத்தவர் முகத்துக்கும் பட வேண்டும்.

லோடு பாடியின் தரையில் ரப்பர் பாயோ பிளைவுட் பலகையோ போடுவது நல்லது. ஆனால் வாரம் ஒரு முறை தூக்கிக் காயவைக்க வேண்டும். இல்லையேல் பாய்க்கு அடியிலேயே துரு குடித்தனம் நடத்தும். மழைக்காலத்தில் வண்டியைக் கழுவும்போது மேலே மட்டும் பளபளப்பாக்காமல் சக்கர வளைவுக்குள் தண்ணீர்ப் பீய்ச்சிச் சேற்றை இறக்குங்கள்.

கல் பட்ட இடத்தைச் சரிசெய்யும் முறை

என்ன செய்தாலும் சில கற்கள் பட்டே தீரும். பட்ட பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் வண்டியின் ஆயுள் இருக்கிறது.

முதலில் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது பிளாஸ்டிக். பம்பர், கிரில் போன்றவை பெரும்பாலும் இப்படித்தான். அங்கே துரு வராது, அழகு மட்டுமே பிரச்சினை. காந்தம் ஒட்டினால் அடுத்துப் புள்ளியின் நிறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறமாக மழமழவென்று இருந்தால் பிரைமர் இன்னும் இருக்கிறது, சில நாள் பொறுக்கலாம். உலோகம் பளிச்சென்று தெரிந்தாலோ பழுப்பு தட்டியிருந்தாலோ அந்த வாரமே சரிசெய்ய வேண்டும்.

சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். தின்னரில் நனைத்துப் பிழிந்த துணியால் அந்தப் புள்ளியை மட்டும் துடைத்துத் தார், வேக்ஸ் பசையைப் போக்குங்கள். பழுப்பு இருந்தால் பிளேடு முனையாலும் மெல்லிய உப்புத்தாளாலும் உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டுங்கள். அக்கம்பக்கத்து நல்ல பெயிண்ட்டைத் தேய்க்காதீர்கள். குழிக்குள் துரு மிச்சமிருந்தால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் துரு மாற்றியைப் புட்டியில் கண்டபடி தடவிக் காயவிடுங்கள். பிறகு பல்குத்தும் குச்சியாலோ மெல்லிய தூரிகையாலோ ஒரு சொட்டுப் பிரைமர் வையுங்கள். அது காய்ந்த பின் நிறப் பெயிண்ட்டை மெல்லியதாக இரண்டு மூன்று முறை வையுங்கள். ஒரே தடவையில் கனமாக வைத்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும். தெளிபூச்சு உள்ள வண்டியானால் கடைசியில் அதுவும் ஒரு சொட்டு. உச்சி வெயிலில் சூடேறிய தகரத்தின் மேலும் வேண்டாம், மழை ஈரத்திலும் வேண்டாம்.

வண்டியில் ஒட்டியுள்ள தகட்டிலோ கையேட்டிலோ நிறத்தின் குறியீட்டு எண் இருக்கும். அதைச் சொல்லிப் பெயிண்ட் வாங்கினால் நிறம் பொருந்தும். வெள்ளையிலேயே எத்தனையோ வெள்ளை உண்டு.

நடு மழையில் புள்ளி விழுந்தால், துடைத்துக் காயவைத்து வீட்டிலுள்ள நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்துவிடுங்கள். வெயில் வந்ததும் அதைத் துடைத்துவிட்டு முறையாகச் செய்யலாம். வீட்டம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொள்வது உங்கள் பொறுப்பு.

சித்திரையும் ஆயுத பூஜையும்

இதற்கெல்லாம் நாள் குறித்துக்கொள்ளாவிட்டால் நடக்காது. நம் பஞ்சாங்கமே நல்ல இரண்டு நாட்களைக் கொடுத்திருக்கிறது. சித்திரை முதல் நாள் மும்பை மழைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால் வருகிறது. அந்த வாரத்தில் வண்டியைச் சுற்றிவந்து எல்லாப் புள்ளிகளையும் அடைத்துவிட வேண்டும். ஆயுத பூஜை மழை ஓயும் சமயத்தில் வருகிறது. அன்று எப்படியும் வண்டியைக் கழுவித் துடைக்கிறோம். அப்போதே குனிந்து அடியையும் பாருங்கள். விரலால் தட்டி, கொப்புளம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதுவும் பூஜையின் ஒரு பகுதிதான்.

பூஜை பற்றி இன்னும் ஒரு சொல். மாலையைக் கட்டுக்கம்பியால் கட்டுவதும் வாழைக்கன்றைத் தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்குவதும் வழக்கமாகிவிட்டது. வண்டி ஓட ஓட அந்தக் கம்பியும் கயிறும் பெயிண்ட்டை அறுக்கும். சாலைக் கல் ஓராண்டில் செய்வதை அவை ஒரே நாளில் செய்துவிடும். பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டுங்கள். சந்தனம், குங்குமத்தை மறுநாளே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

வண்டிக்கு வயது எட்டைத் தாண்டினால் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விற்கப் போனாலும் வாங்குபவர் முதலில் கதவின் அடியைத்தான் தடவிப் பார்ப்பார். அன்றைக்கு விலை பேசப்போவது இன்றைக்கு நீங்கள் வைக்கும் இந்தச் சொட்டுப் பெயிண்ட்டுதான். பிரைமர், நிறப் பெயிண்ட், ஒரு உப்புத்தாள், ஒரு தூரிகை, கொஞ்சம் பழந்துணி. இவற்றை ஒரு சிறு டப்பாவில் போட்டு டிரைவர் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஞாயிறு மாலைகளில் நான் சங்க நூலகத்தில்தான் இருப்பேன். வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் அவ்வழியே வந்தால் ஓட்டிக்கொண்டு வாருங்கள். வாசலில் நிறுத்தி ஒரு சுற்று தட்டிப் பார்த்துவிடலாம். சுத்தியல் என் பையில் எப்போதும் இருக்கும்.